வக்கீல் கட்டிய சலங்கை

பேத்திக்கு வருகிற தை மாதம் அரங்கேற்றம். பட்டுப் புடவை, தலைசாமான், மண்டபம், சிற்றுண்டி என்று வீடே அமர்க்களப்படுகிறது. அழைப்பிதழ் எழுதும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. "பாட்டிக்குத்தான் நல்ல தமிழ் வரும்" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாட்களாக ஒரே வரியில் நின்றுகொண்டிருக்கிறேன். அது என்ன வரி என்று சொல்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1963-ல் எனக்கு அரங்கேற்றம் நடந்தது. அந்த நாட்களில் அப்பா தினமும் ஒரு தடவையாவது, "ஈ. கிருஷ்ணய்யர் மட்டும் இல்லாவிட்டால் நீ ஏது, உன் சலங்கை ஏது?" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கால் நோக ஆடுகிறவள் நான். பெயர் யாரோ ஒரு வக்கீலுக்கா?

கிருஷ்ணய்யர் 1897-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். (அப்பளத்துக்குப் பேர்போன அதே ஊர்தான். அந்த ஊரின் பெயரைக் கேட்டால் பிற்காலத்தில் என் மாமியாருக்கு நினைவு வந்தது அப்பளம். என் அப்பாவுக்குக் கிருஷ்ணய்யர்.) சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல் தொழில். பாரதியார் பாட்டுக்களைத் தெருவில் பாடிச் சுதந்திரப் போரில் சேர்ந்து சிறைக்கும் போய் வந்தார். சுகுண விலாச சபையில் நாடகம் போட்டபோது மாளவிகை வேஷம் அவருக்கு வந்தது. மாளவிகைக்கு ஆடத் தெரிய வேண்டுமே! ஆகவே மெலட்டூர் நடேசய்யரிடம் முறையாகச் சதிர் கற்றுக்கொண்டார். நாடகம் முடிந்த பிறகும் ஆட்டம் அவரை விடவில்லை. சேலை உடுத்தி, நகை பூட்டி, சலங்கை கட்டி மேடை மேடையாக ஆடினார். கறுப்புக் கோட்டுப் போடுகிற ஒருவர் எதற்காக இப்படிச் செய்தார்? அந்தக் காலத்தில் 'தாசியாட்டம்' என்று சொல்லிக் கௌரவமானவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பாருங்கள்' என்று தன் உடம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. கிருஷ்ணய்யர் அதன் காரியதரிசிகளில் ஒருவர். சபா காரியதரிசி வேலை எப்படிப்பட்டது என்று எங்கள் தெரு பஜனை சபைக்கு ஐந்து வருஷம் கணக்கு எழுதிய எனக்குக் கொஞ்சம் தெரியும். கச்சேரி எடுபட்டால் வித்வானுக்குப் பெயர்; மைக் கரகரத்தால் காரியதரிசிக்கு வசவு! அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு காரியம் செய்தார். 1931 மார்ச்சில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சிஷ்யைகளான கல்யாணியின் பெண்கள், ராஜலட்சுமி, ஜீவரத்னம் இருவரையும் அகாடமி மேடையில் ஆட வைத்தார். கூட்டம் சொற்பம். ஊர் பயந்தது.

1932 கடைசியில் பத்திரிகைகளில் பெரிய கடிதப் போர் மூண்டது. ஒரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மறு பக்கம் கிருஷ்ணய்யர். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தால் பெண்களின் வாழ்வு பாழாவதைக் கண்டு கொதித்தவர் டாக்டரம்மாள். அவருடைய தாயாரே இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். வலி தெரிந்து பேசினார். வழக்கத்தை ஒழியுங்கள், ஆட்டத்தை ஒழிக்காதீர்கள் என்றார் வக்கீல். இதில் யார் பக்கம் சேர்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சண்டையால் ஒரு லாபம்: 1933 ஜனவரி முதல் தேதி கல்யாணியின் பெண்கள் மறுபடி ஆடியபோது கொட்டகை நிரம்பி வழிந்தது. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் வேரூன்றியதும் அந்த வருஷங்களில்தான். 1935-ல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். பிறகு எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டது.

கிருஷ்ணய்யர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. மெலட்டூர் பாகவத மேளத்துக்கு ஆதரவு தேடினார். சென்னை மாநில சங்கீத நாடக சங்கத்தின் காரியதரிசியாக உழைத்தார். 1966-ல் பத்மஸ்ரீ பெற்று, 1968-ல் காலமானார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட பக்தி கொண்ட எங்கள் வீட்டில்தான் இது நடந்தது.

நட்டுவனார் வாத்தியார் அடவும் ஜதியும் சொல்லித் தருவார். பதத்துக்கு மட்டும் ஒரு கிழவியம்மாள் வருவார். வெள்ளைப் புடவை, காதில் வெறும் துளை. ஒரு காலத்தில் பெரிய கோயிலில் ஆடியவராம். பாட்டுச் சொல்லித் தந்ததால் எல்லோருக்கும் அவர் 'பாட்டம்மா'. திண்ணையோடு சரி, ரேழிக்குள் வரமாட்டார். யாரும் வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர் திண்ணை மாடத்தில் இருக்கும். அம்மா உயரத் தூக்கிக் காப்பியை விடுவாள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பாட்டம்மா ஒரு க்ஷேத்ரக்ஞர் பதத்துக்கு முகத்தை மட்டும் அசைத்துக் காட்டுவார். தெருவில் போகிற காய்கறிக்காரி கூடையை இறக்கிவிட்டு நின்றுவிடுவாள். கண் ஓரத்தில் ஒரு சந்தேகம் வரும், அது கோபமாகும், கோபம் பாதியிலேயே சிரிப்பாகும். நான் கண்ணாடிக்கு முன்னால் மாசக்கணக்கில் முயன்றும் அது வரவில்லை.

அழைப்பிதழில் வாத்தியார் பெயர் இருந்தது. மிருதங்கக்காரர் பெயர் இருந்தது. தலைமை வகித்த ஜட்ஜின் பட்டங்கள் இரண்டு வரி இருந்தன. "பாட்டம்மா பேர் போட வேண்டாமா?" என்று கேட்டேன். "நாலு பெரிய மனுஷா வர இடம். உனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்றார் அப்பா. கிருஷ்ணய்யரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியவர்தான் அவர். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்கலாம். வயது பதினான்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. மாலை போட்டுக்கொள்ளும் ஆசை எனக்கும் நிறைய இருந்தது.

பாட்டம்மா வந்திருந்தார். பக்கவாட்டுக் கதவோரம் நின்றே பார்த்தார். எல்லாம் முடிந்து நான் பின்புறம் சலங்கை அவிழ்க்கும்போது மெதுவாக வந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார்.

"இரண்டாவது சரணத்திலே அவசரப்பட்டுட்டே, குழந்தை. அவன் வந்துட்டானான்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே கோவிச்சுக்கிட்டியே!"

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே விமரிசனம் அது. பிறகு கல்யாணம், வடக்கே குடித்தனம். நான் திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அந்தப் பதத்தைத்தான் இப்போது என் பேத்தி ஆடப்போகிறாள். நான் சொல்லிக் கொடுத்தேன். சிரிப்பு அவளுக்கு வந்துவிட்டது! ஆகவே அழைப்பிதழில், 'பதம் கற்பித்தவர்' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

"யார் பேர் பாட்டி?" என்றாள் பேத்தி.

பாட்டம்மா என்பது பெயரா? வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும், அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பதற்கு இருவரும் இல்லை. பழைய டயரி, அப்பாவின் கணக்கு நோட்டு எல்லாம் புரட்டிப் பார்த்தாயிற்று. நோட்டில், மாதா மாதம், 'பாட்டம்மாளுக்கு ரூ. 5' என்று இருக்கிறது. அச்சாபீஸ்காரர் நாளைக் காலைக்குள் கொடுக்கச் சொல்கிறார்.