நரகச் சுவரும் நகைச்சுவையும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அலுவிகாரை. வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது இங்கேதான் என்பது மரபு. ஆயினும் இங்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை ஈர்ப்பவை ஏடுகள் அல்ல. குகையினுள்ளே தீட்டப்பட்டுள்ள நரகக் காட்சிகளே. பிழைக்குத் தண்டனை உண்டு என்பதில் அச்சுவருக்கு ஐயமேயில்லை.

அச்சுவரைக் கண்டு வளர்ந்த ஆசிரியை ஒருவர், 2007 இல் வெளியான ‘யூனோ’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்து இருமனப்பட்டு நிற்கிறார். ஜேசன் றைற்மன் இயக்கிய இப்படத்தில் பதினாறு வயது மாணவி ஒருத்தி கருவுறுகிறாள். கருவைக் கலைக்கச் சென்று மனம் மாறித் திரும்புகிறாள். பிள்ளையற்ற தம்பதியருக்குக் குழந்தையைக் கொடுக்க உடன்படுகிறாள். இத்தனையும் பகடியாகவே சொல்லப்படுகின்றன. சிறு செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 23 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. கதைவசனம் எழுதிய டயாப்ளோ கோடிக்கு 2008 இல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

ஆசிரியையைக் கவர்ந்தவர்கள் அப்பெண்ணின் தந்தையும் சிற்றன்னையுமே. செய்தி கேட்டு அவர்கள் திகைக்கிறார்கள். எனினும் கை ஓங்கப்படவில்லை, கதவு அடைக்கப்படவில்லை. வயிற்றைப் படம்பிடிக்கும் ஊழியை இளந்தாய்மாரை இழித்துப் பேசும்போது, சிற்றன்னை வெகுண்டு அவளது வாயை அடைக்கிறாள். நம்மவர் படங்களில் இந்நிலைப் பெண்ணுக்கு வாய்ப்பவை கன்னத்தில் ஓர் அறை, அவசரத் தாலி, அன்றேல் கிணறு. ‘யூனோ’வுக்கு ஓராண்டு முன் வந்த ‘நோட்புக்’ என்னும் மலையாளப் படத்திலும் கருவுற்ற மாணவி இறந்தே போகிறாள். இவையும் ஒருவகை நரகச் சுவர்கள்தாம்.

அவ்வாறாயின் மனக்குறை எதற்கு? யூனோவின் சிரிப்புக்குப் பின்னே மருத்துவமனையும் வழக்கறிஞரும் தெரிவுரிமையும் நிற்கின்றன. இலங்கையிலோ 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கவன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. 1995 இல் அதனைத் தளர்த்த எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. அதே ஆண்டின் திருத்தப்படி, பதினாறு வயதுக்குட்பட்டவளின் சம்மதம் சட்டத்தின்முன் சம்மதமாகாது. யூனோ ஒரு வயது இளையவளாய் இங்கே பிறந்திருப்பின், ஓட்டப்பந்தயம் ஓடித் திரியும் அந்த அப்பாவிக் காதலன் நீதிமன்றப் படியேறியிருப்பான்.

மகவேற்பை எடுத்துக்கொண்டால் கசப்பு இன்னும் மிகும். 1980களில் இந்நாட்டுக் குழந்தைகள் பல்லாயிரவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகள் விலைக்குப் பெறப்பட்டதும், பெற்றவளுக்குப் பதிலாக வேறொருத்தியைத் தாயாக நடிக்கவைத்ததும் 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்றின் வழியே அம்பலமாயின. 2021 இல் அந்நாடு வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. யூனோ மருத்துவமனைக் கட்டிலில் அழுகிறாள், உண்மை. ஆனால் கோடை வந்ததும் காதலனுடன் கிற்றார் மீட்டுகிறாள். ‘கர்ணன்’ (1964) படத்தில் குழந்தையை ஆற்றில் விட்ட குந்தியின் துயரமோ குருச்சேத்திரம்வரை நீள்கிறது. இரண்டில் எது மெய் என்று கேட்டால், ஆசிரியை தயங்காமற் குந்தியின் பக்கமே சாய்வார்.

எனினும் அவர் கண்ணிற் படுவது வகுப்பறையின் ஒரு வெறும் நாற்காலி. பத்தாந் தரத்தில் இருந்த மாணவி ஒருத்தி திடீரென வரவில்லை. எவரும் காரணம் கூறவில்லை. பின்வரிசையிற் சிரிப்பு மட்டும் எழுந்தது. அச்சிரிப்பும் ‘யூனோ’வின் சிரிப்பும் ஒன்றல்ல.

இப்படத்தை மாணவியருக்குக் காட்டலாமா என அவர் வினவியபோது, பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்றனர் சக ஆசிரியர் சிலர். அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுவரையான பெண்கள் 1,000 பேருக்கு 2007 இல் ஏறத்தாழ 41 ஆக இருந்த பிறப்புவீதம், 2017 இல் ஏறத்தாழ 19 ஆகக் குறைந்தது. படம் குறைத்தது என்று சொல்ல இயலாது. படம் பெருக்கியது என்று சொல்லவும் வழியில்லை.

இறுதியில் மூத்த ஆசிரியர் ஒருவர், தாய்மாரை மட்டும் அழைத்துக் காட்டலாம் என இணக்கம் கூறினார். ஆசிரியை அதற்கு உடன்படவில்லை. முதலிற் தந்தையர் வரட்டும் என்கிறார்.