மூன்றாம் வரிசைப் பாடகி

கேலாங்கில் ஒரு பள்ளி மண்டபம். தேசிய தினத்துக்கு முந்தைய நாள். சிவப்புச் சட்டையும் வெள்ளைப் பாவாடையுமாகத் தொடக்கநிலை ஒன்று மாணவி ஒருத்தி மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். காலையில் அம்மா இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையில் ஒன்று அதற்குள் அவிழ்ந்துவிட்டது.

பாட்டு ‘முன்னேறு வாலிபா’. எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றியது. சீன, மலாய்ப் பிள்ளைகளும் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மனப்பாடமாகப் பாடும் தமிழ்ப் பாட்டு இது. பல்லவியில் நம் பாப்பாவின் குரல்தான் ஓங்கி நின்றது. சரணம் வந்ததும் வார்த்தை மறந்துபோச்சு! பக்கத்தில் நின்ற சீனத் தோழியின் வாயைப் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றிவிட்டாள். தோழி ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

விழாவில் பாடும் நாட்டுப்பண்ணுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு உண்டு. அதற்கு இசையமைத்த ஜூபிர் சைட், கேலாங் சிராயை ஒட்டிய ஜூ சியாட்டில் வாழ்ந்தவர். 1907இல் சுமத்ராவில் பிறந்தார். 1928இல் சிங்கப்பூர் வந்து ‘பங்சவான்’ நாடகக் குழுவில் சேர்ந்தார். ‘மாஜுலா சிங்கப்பூரா’ முதலில் 1958இல் நகரமன்றத்துக்காக எழுதப்பட்டது. மறு ஆண்டே நாட்டுப்பண் ஆனது. 2001இல் அதன் சுருதியைக் கொஞ்சம் இறக்கினார்கள். நல்ல காரியம், மேல்சுரத்தில் குட்டித் தொண்டைகள் படும் பாடு கேட்டவர்களுக்குத் தெரியும்.

அடுத்து அக்டோபரில் சிறுவர் தினம். அதற்குப் பாடும் ‘செமோகா பஹாகியா’வும் ஜூபிர் சைட் தந்ததே. அது மலாய்ப் பாட்டு. வார்த்தைகளைப் பாப்பா மலாய்த் தோழியிடம் கேட்டுக்கொள்வாளாம். ஏற்பாடெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது.