வயதில் இளைய ஊர்

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் நிழலில் வளர்ந்த நாங்கள் மத்திய அரசுப் பணியின் நிமித்தம் குடியேறிய சண்டிகரோ, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்கென 1950களில் எழுந்த நகரம்.

தஞ்சையில், "எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவியே குலம் அறிவர். இங்கே, "எந்த செக்டர்?" என்பதோடு வினா முடிகிறது. அவ்வெறுமை முதலில் அச்சுறுத்தியது, பின்னர் ஆறுதலாயிற்று.

பண்பாடு கற்கோயில்போல் தானே நிற்கும் என்றிருந்தோம். இங்கோ, மார்கழிக் கோலமும் பிள்ளைகளின் தமிழும் நாள்தோறும் நாமே பேணினாலன்றி நில்லா.

ஓய்வுபெற்றதும் ஊர் திரும்புவோம் என்றோம். "இதுதானே அப்பா நம்ம ஊர்?" என்றாள் மகள். சிறுமியாய் லாகூரைவிட்டு வந்த அண்டை வீட்டு மூதாட்டிக்கும் இதுவே ஊர். மகளை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.