மூடுபனியும் வேப்பமரமும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், மக்ரிப் தொழுகை முடிந்து மக்தபின் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, நம் மொஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றுடன் வந்து நின்றார். பெங்களூரில் பொறியியல் படிக்கும் அவருடைய மகனின் பையில் இருந்ததாம். அட்டையில் வெளிறிய முகத்துடன் ஒரு பிரபு. பார்த்த மாத்திரத்தில் இரத்தம் குடிப்பவன் என்று தெரிந்துவிடும்.

"ஹஜ்ரத், ராத்திரி ஒரு மணி வரைக்கும் மாடியில தம்பி தங்கச்சிகளை உட்கார வெச்சுக்கிட்டு இதைத்தான் விளையாடுறான். ஷைத்தான் வேலை ஏதாவது..." என்று இழுத்தார்.

அந்தப் பையன் சிறுவயதில் ஆறு ஆண்டுகள் நம்மிடம் ஓதியவன். மறுநாள் அஸருக்குப் பின் வரச் சொன்னோம். சலாம் கூறி அமர்ந்தவன், எவ்விதக் கூச்சமும் இன்றி முழுவதையும் விளக்கினான்.

1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் வகையாம் இது. ஒருவர் கதை சொல்வார். மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்லிச் செல்வர். செயல் பலித்ததா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பந்தயமோ பணமோ இல்லை. 1983 இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்னும் தம்பதியர் இதற்கென எழுதிய 'ரேவன்லாஃப்ட்' என்ற திகில் கதையின் புதிய பதிப்பே அந்தத் தந்தை கொண்டுவந்த புத்தகம். 2016 இல் வெளிவந்தது. ஒரு விளையாட்டின் நடுவே, எக்காரணமும் இன்றிச் சுரங்க அறையில் ஓர் இரத்தக்காட்டேரி நிற்கக் கண்ட ஹிக்மன், 'இவன் இங்கு ஏன் இருக்கிறான்?' என்று கேட்டதில் பிறந்ததாம் இக்கதை. நல்ல கேள்விதான். தீமை வெறுமனே மூலையில் நிற்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

அந்த வரலாற்றைக் கேட்டபோதுதான் நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். ஸ்ட்ராட் என்னும் அப்பிரபு, தம்பிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் மீது ஆசைகொண்டு, திருமண நாளிலேயே தம்பியைக் கொன்றவன். அப்பெண் கோட்டைச் சுவரிலிருந்து குதித்துவிடுகிறாள். மரணத்துடன் உடன்படிக்கை செய்து சாகாவரம் பெற்றவனுக்கு, அவனுடைய நாடே சிறையாகிறது. பரோவியா என்னும் அந்நாட்டைச் சூழ்ந்த மூடுபனியைத் தாண்டி எவரும் வெளியேற இயலாது. காபில் தன் சகோதரர் ஹாபிலைக் கொன்ற வரலாற்றை இதே திண்ணையில் இந்தப் பையனுக்கு நாம் கற்பித்திருக்கிறோம். "எனக்கும் முதல்ல காபில்தான் ஞாபகத்துக்கு வந்தான் ஹஜ்ரத்" என்றான்.

நமக்கோ நம் நானிமா ஞாபகத்துக்கு வந்தார். உருது பேசும் வீடுகள் நிறைந்த நம் மாவட்டத்தில், அமீர் ஹம்சா தாஸ்தானைக் கேட்டு வளர்ந்த முதியோர் இன்னும் சிலர் உளர். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்ட 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வில், அஃப்ராசியாப் என்னும் சூனியக்கார மன்னனின் நாடும் இப்படிப்பட்ட மாயக் கூண்டுதான். ரேவன்லாஃப்டுக்குச் சரியாக நூறாண்டு முந்தியது! அம்ர் அய்யாரின் ஜம்பீல் பையில் எதைப் போட்டாலும் அடங்கும் என்று சொன்னபோது, தங்கள் விளையாட்டிலும் அப்படியொரு பை உண்டென்று துள்ளினான் பையன்.

ஆயினும் அனைத்தும் சரியென்று தலையாட்டிவிடவில்லை. பகடை குறித்து ஹதீஸ்களில் வந்துள்ள எச்சரிக்கை எளிதானதன்று. பந்தயம் இல்லாவிடினும் கூடாதென்போர் உளர். டிப்ளமோ மட்டும் படித்த நாம் தீர்ப்புக் கூற இயலாது, முஃப்தி ஒருவரிடம் கேள் என்றோம். அக்கதையில் குறிசொல்லும் கிழவி ஒருத்தி வருகிறாள். அவள் எடுக்கும் சீட்டுகளே ஆயுதங்கள் எங்கு மறைந்துள்ளன என்பதை முடிவு செய்யும். அதைக் கேட்க நாம் வாயெடுக்கும் முன்னரே, "அந்தக் கிழவியைத் தூக்கிட்டேன் ஹஜ்ரத். குறிகாரங்ககிட்ட போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? பேப்பரைக் கிழிச்சு டப்பாவுல போட்டுக் குலுக்கிக்குறோம்" என்றான்.

பரோவியாவின் பனியையும் அவன் தொப்பூர் கணவாயில் கொண்டுவந்து வைத்திருந்தான். சேலம் செல்லும் அச்சாலையில் விபத்து நடக்கும் போதெல்லாம் பேய் அடித்தது என்று பேசுவோர் நம் ஊரில் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் பாரமேற்றிய லாரியின் பிரேக் பிடிக்காமல் போவதே உண்மை. அவனது கதையில், பேய் என்று ஊரார் ஓடிவிட, தம்பி தங்கைகளின் பாத்திரங்கள்தாம் லாரிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

"சின்னப் பிள்ளைகள் பயப்படமாட்டார்களா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "கதைன்னு தெரிஞ்சா பயம் விளையாட்டு முடிஞ்சதும் போயிடும் ஹஜ்ரத். எனக்குப் போகாதது அந்த வேப்பமரம்தான்."

மக்தபின் பின்புறம், ஒளூச் செய்யும் தொட்டியருகே நிற்கும் மரம் அது. மக்ரிபுக்குப் பின் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவதைத் தடுக்க, அதில் ஒரு ஜின் இருக்கிறது என்று நாம்தான் சொல்லி வைத்தோம். எளிய வழியாக இருந்தது. பல ஆண்டுகள் பயன்பட்டது. இவனோ எட்டாம் வகுப்பு வரை இரவில் தனியே சிறுநீர் கழிக்க எழுந்ததில்லையாம். படுக்கை நனைந்ததற்காகத் தந்தையிடம் அடிகூட வாங்கியிருக்கிறான். நம்மிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று அப்போது நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இந்த ஹதீஸை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! ஜின்களை நம்புவது நம் ஈமானில் உள்ளதுதான். அந்த மரத்தில் ஒன்று அமர்ந்திருப்பதாகச் சொன்னது நம் கற்பனை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் பதறி எழுந்துவிட்டான். தந்தையிடம், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆனால் இஷாவுக்குப் பின் பத்து மணிக்கு மேல் விளையாட வேண்டாம், ஃபஜ்ரு தவறக் கூடாது என்று மட்டும் சொன்னோம்.

அடுத்த நாள் மக்தபில் குர்ஆன்களை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் அனைவரையும் அந்த மரத்தடிக்கு அழைத்துச் சென்றோம். இந்த மரத்தில் எதுவும் இல்லை என்றோம். முன்வரிசையில் நின்ற இரண்டாம் வகுப்புப் பையன் கிளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி இருந்துச்சா ஹஜ்ரத்?"

"இல்லை. நாம்தான் பொய் சொன்னோம்."