ஆறின எண்ணெய்

எங்கள் சிம்மக்கல் வீட்டில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்: சூடான நல்லெண்ணெய்!

அண்ணனுக்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்'. மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடம்பே அரிக்கிற நோய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இதன் பெயர் இருக்கிறது. கால் மரக்கட்டையாய் விறைக்கும்.

அம்மா விடுவாளா? சித்திரை வெயிலில் எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாள். எழுந்த அண்ணன், தொப்பென்று விழுந்தான். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உடம்புல சூடு ஏறுனா நரம்புல சேதி போறது தடுமாறும் தம்பி. சூடு தணிஞ்சா சரியாயிடும். இதமா நீவி விடுங்க, இறுக்கம் கொஞ்சம் குறையும். நோய் போகாது. மருந்தை நிறுத்திடாதீங்க!" என்றார் டாக்டர்.

இப்போது ஆபீஸ் விட்டு வந்ததும், ஃபேனுக்கடியில், ஆறின எண்ணெயில் நான்தான் நீவுகிறேன். அண்ணன் நிம்மதியாகத் தூங்குகிறான். குறட்டைதான் தாங்கலை. அதுக்கு என்ன எண்ணெய், சார்?