ஐம்பது ரூபாயும் ஒரு சீத்தைச் சட்டையும்

எங்கள் பக்கத்தில் பூப்போட்ட பருத்தித் துணி எல்லாவற்றுக்கும் சீத்தை என்றுதான் பெயர். ஆலையில் அச்சாகி வருவதும் சீத்தை, கையால் மரஅச்சுக் குத்தியதும் சீத்தை. தையல்காரராக இருந்த என் வாப்பா மட்டும் இரண்டையும் ஒன்றாக எண்ணமாட்டார். கை அச்சுத் துணி வந்தால், கத்தரிக்கோலைத் தொடுமுன் அதை மேசையில் முழுதாக விரித்து வெகுநேரம் பார்ப்பார்.

காரணம் உண்டு. மரக்கட்டையில் செதுக்கிய அச்சை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் குத்திக்கொண்டே போகிறார்கள். எத்தனை தேர்ந்த கையானாலும் கொடி சற்று ஏறும், அல்லது இறங்கும். இழையைப் பார்த்து வெட்டினால் பூ கோணும். பூவைப் பார்த்து வெட்டினால், துவைத்ததும் சட்டை முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே வெட்டத் தெரிந்தவனே தையல்காரன் என்பார் வாப்பா.

1990ஆம் ஆண்டு கரவெட்டியிலிருந்து ஒரு ரீச்சர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த எங்கள் கடைக்கு அப்படி ஒரு துணி கொண்டுவந்தார். தமையன் இந்தியாவிலிருந்து வாங்கிவந்த மசூலிப்பட்டினத்துத் துணி. அங்கே துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்பு அச்சையும், படிகார நீரால் சிவப்புக்குரிய அச்சையும் குத்துவார்கள். சாயத்தில் கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். முற்காலத்தில் அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் நமது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணல் நிலங்களில் அந்த வேரைத் தோண்டி எடுத்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ரீச்சருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இருவருக்கும் ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று சொல்லி, ஐம்பது ரூபாய் முற்பணமும் கொடுத்தார். மூத்தவளின் சட்டை தைத்து முடிந்து, தனிக் கூலி பெற்றுக் கொடுத்தாயிற்று. இளையவளுடையது வெட்டியபடி கடையில் இருந்தது. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் எங்கள் மக்கள் யாழ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. கடையைப் பூட்டிய சாவி மட்டும் புத்தளம் வரை எங்களோடு வந்தது.

வாப்பா வஃபாத்தாகுமுன் சொன்ன கடன் கணக்குகளில் இந்த ஐம்பது ரூபாயும் ஒன்று. சகோதரிகளே, இதில் மார்க்கச் சட்டம் தெளிவானது. தையல்காரனின் கையிலுள்ள துணி அமானத். அவனுடைய கவனக்குறைவோ அத்துமீறலோ இல்லாமல் அது தொலைந்தால், ஷாபிஈ மத்ஹபில் வலுவான கூற்றுப்படி அவன் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் செய்து கொடுக்காத வேலைக்கு வாங்கிய கூலி கடன்தான். கொடுத்தவர் முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அந்த ஹக்கு ஓர் அணுவும் குறையாது. சூரத்துந் நிஸாவில் வாரிசுப் பங்குகள் கூறப்படும் இடத்தில், கடன் தீர்த்த பின்பே பங்கு என்பது திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை வீடுகளில் பங்கு பிரிக்குமுன் இதைக் கேட்கிறோம்?

நெல்லியடியில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் போனேன். ரீச்சருக்கு எண்பது வயதுக்கு மேல். அன்றைய ஐம்பது ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கும்? எனவே மனம் விரும்பிக் கூடுதலாகவே கொடுக்க எண்ணி ஐயாயிரம் ரூபாயை உறையில் வைத்திருந்தேன்.

"தம்பி, காசு தந்தது எனக்கு ஞாபகமில்லை. துணி ஞாபகமிருக்கு. சின்னவள் எத்தனை நாள் அழுதவள் தெரியுமோ?" என்றார். பிறகு, "காக்கா போனது ஆருடைய பிழை? அவரை நாங்கள் ஒருநாளும் குறை சொல்லேல்லை" என்றார்.

வாப்பாவின் மனம் நிம்மதியடைய வேண்டும் என்று நான் வற்புறுத்தியதும் உறையைத் திருப்பித் தந்துவிட்டு, என் சட்டைப்பையில் இருந்த ஓர் ஐம்பது ரூபாய்த் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார். "இப்ப கணக்குச் சரி" என்றார்.

அலமாரியைத் திறந்து மூத்தவளின் சட்டையைக் கொண்டுவந்தார். பலமுறை தோய்த்து மெலிந்திருந்தது. பக்கத் தையலில் கொடி துண்டுபடாமல் முன்னாலிருந்து பின்னால் போயிருந்தது. அதைக் கண்டதும் என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

கனடாவிலிருந்து வரும் பேத்திக்கு அதைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். எனக்குத் தையல் தெரியாது. புத்தளத்தில் என் தங்கைக்கு வாப்பா கற்றுக்கொடுத்திருந்தார். அமானத்தாக வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன்.

வளரும் பிள்ளைக்கென்று வாப்பா உள்ளே இரண்டு அங்குலம் மடித்துவைத்திருந்தார். தங்கை மடிப்பைப் பிரித்தபோது உள்ளே வெயில் படாத சிவப்பு அப்படியே இருந்தது. வெளித்துணியோடு நிறம் சேராதே என்று கேட்டேன். சேர வேண்டாம், கீழே ஒரு கரை வைத்தது போல இருக்கும் என்கிறாள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுபோங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். பெருநாள் கழிந்ததும் போகவிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.