சாம்பியன்களின் நவம்பர்

2013 நவம்பர் 14, தைச்சுங்

நாளை ஆசிய சீரிஸ் பேஸ்பால் போட்டி தொடங்குகிறது. ஜப்பான், கொரியா, தைவான், ஆஸ்திரேலியா லீக்குகளின் சாம்பியன்களோடு, ஐரோப்பாவின் சார்பில் இத்தாலியின் ஃபோர்ட்டிடுடோ போலோன்யாவும், உள்ளூரின் இரண்டாவது அணியாக இடிஏ ரைனோஸும் ஆடுகின்றன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. தைவானின் 500 டாலர் நோட்டில் தலைவர்களுக்கு இடமில்லை. துள்ளிக் குதிக்கும் பள்ளிச் சிறுவர்களின் பேஸ்பால் அணிதான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு இவர்களின் பரபரப்பு எனக்கு வியப்பாக இல்லை.

அறைத்தம்பி மதுரைக்காரன். "நம்ம சாம்பியன்ஸ் லீக் மாதிரியாண்ணே?" என்றான். ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு நாட்டு லீக்கிலும் ஜெயித்தவனைக் கூட்டிவந்து ஒருவரோடொருவர் மோதவிடுவது. போன மாதம் மும்பை அந்தக் கிரிக்கெட் கோப்பையை வென்றதை நாங்கள் இருவருமே மறுநாள் காலையில் செய்தியாகத்தான் படித்தோம். ஐபிஎல் இறுதியாட்டமாக இருந்தால் விடிய விடிய விழித்திருப்போம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

நவம்பர் 16

இந்தப் போட்டி 2005-ல் டோக்கியோ டோமில் பிறந்தது. செலவை ஏற்றது கோனாமி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனம். முதல் நான்கு ஆண்டும் கோப்பை ஜப்பானை விட்டு நகரவில்லை: சிபா லோத்தே, நிப்பான் ஹாம், சூனிச்சி, செய்பு. 2007-க்குப் பிறகு கோனாமி விலகியது. 2008-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. 2011-ல் இதே தைச்சுங்கில் மறுபடி உயிர் வந்தபோது கொரியாவின் சாம்சங் லயன்ஸ் ஜெயித்தது. போன ஆண்டு பூசானில் யோமியூரி ஜயன்ட்ஸ் வென்றதும் கோப்பை மீண்டும் ஜப்பானுக்கே போயிற்று.

இம்முறை ஜப்பானிலிருந்து வந்திருப்பது ராக்குட்டன் கோல்டன் ஈகிள்ஸ். 2011 நிலநடுக்கத்தில் அடிபட்ட செண்டாயின் அணி. அதன் பிட்சர் மசாஹிரோ தனக்கா இந்த லீக் பருவத்தில் 24 ஆட்டங்கள் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஜப்பான் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் 160 பந்து வீசித் தோற்று, மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸையும் வீசி அணியைக் கரை சேர்த்தார். அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இங்கே அவர் வரவில்லை. வராததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தோளுக்கு இப்போது ஓய்வுதான் வேண்டும்.

நவம்பர் 18

சாம்சங் தோற்றுவிட்டது. ஆஸ்திரேலிய சாம்பியன் கான்பெர்ரா கவல்ரி 9, சாம்சங் 5. தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொரிய லீக்கை மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற அணி சாம்சங். ஆஸ்திரேலிய லீக்கோ 2010-ல்தான் இன்றைய வடிவில் தொடங்கியது. அங்கே ஆடுபவர்களில் பலருக்கு வயிற்றுப்பாடு வேறு வேலையில்.

ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. கொரியர்கள் வசந்தத்திலிருந்து ஆடி, உச்சிக்கு ஏறி, விருந்தும் முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கோடைதான் பேஸ்பால் பருவம். லீக் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கான்பெர்ராக்காரர்களின் கை கால் புதிது, பசியும் புதிது. ஒருவனுக்கு இது பருவம் முடிந்த பின் வந்த கூடுதல் வேலை. இன்னொருவனுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் மேடை.

நவம்பர் 19

யூனி-பிரசிடென்ட் லயன்ஸ் 4, ராக்குட்டன் 1. ஜப்பான் சாம்பியன் இறுதிக்கே வரவில்லை. ஆய்வுக்கூடத்துத் தோழர் தைனான்காரர்; யூனி-பிரசிடென்ட் அவர் ஊர் அணி. ஊரெங்கும் உள்ள செவன்-இலெவன் கடைகளை நடத்தும் நிறுவனம்தான் அணியின் முதலாளி. தனக்கா இல்லாத ராக்குட்டனைத்தானே வென்றீர்கள் என்று சீண்டினேன். வந்தவர்களைத்தானே வெல்ல முடியும் என்றார். நியாயம்தான். ஆனாலும் மனதின் ஒரு மூலையில் அவருக்கும் அது உறுத்துகிறது என்று முகம் சொன்னது.

நவம்பர் 20

இறுதியாட்டத்துக்கு மைதானத்துக்கே போனோம். ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு பாட்டு. எக்காளம், முரசு, பிளாஸ்டிக் குழல்களின் படபடப்பு. உள்ளூர் அணி எத்தனை ரன் பின்தங்கினாலும் பாட்டு நிற்கவில்லை. மடியில் சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். முடிவு 14-4. கோப்பை கான்பெர்ராவுக்கு. ஆசியாவுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணி இதை வெல்வது இதுவே முதல்முறை. தோற்ற ஊர்க்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம்பி தொண்டை கட்டிப்போய்த் திரும்பினான். இன்னமும் அவனுக்கு விதிகள் பாதிதான் புரிந்திருக்கிறது.

2014 பிப்ரவரி 9

வெனிசுலாவின் மார்கரீட்டா தீவில், அந்த வட்டார பேஸ்பால் லீக் சாம்பியன்கள் மோதும் கரீபியன் சீரிஸ் முடிந்திருக்கிறது. மெக்சிகோவின் எர்மோசியோ அணி, புவேர்த்தோ ரிக்கோவின் மயாகுவேஸை 7-1 என்று வென்றது. அதைவிடப் பெரிய செய்தி கியூபா திரும்பி வந்தது. 1949-ல் ஹவானாவில் முதல் போட்டியை நடத்தி, முதல் 12 ஆண்டில் ஏழு முறை வென்ற நாடு, புரட்சிக்குப் பின் 1960-ஓடு விலகியிருந்தது. போட்டியும் நின்று, 1970-ல் கியூபா இல்லாமலே மறுபடி தொடங்கியது. இவ்வளவு காலம் கழித்து வந்த வில்லா கிளாரா முதல் சுற்றிலேயே வீடு திரும்பினாலும், அது வந்ததே பேச்சாக இருக்கிறது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கடந்த நவம்பரில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கரீபியனில் குளிர்கால லீக்குகள் அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிகின்றன. சாம்பியன்கள் கை ஆறுமுன்னே பிப்ரவரி முதல் வாரத்தில் மோதுகிறார்கள். லீக்கில் ஜெயிப்பதே அங்கே போவதற்குத்தான். ஜெயித்த அணி, தான் தோற்கடித்த அணிகளிலிருந்தே நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கிளப்பின் சட்டைக்குள் நாடே புகுந்துவிடுகிறது. நேற்றுவரை எதிரணிக்காகக் கத்தியவனும் இன்று இவர்களுக்காகக் கத்துகிறான்.

அங்கும் குறை உண்டு. அமெரிக்கக் கிளப்புகள் தங்கள் விலையுயர்ந்த பிட்சர்களை எளிதில் விடுவதில்லை. ஆனால் வந்தவர்கள் போதும் என்று ஊர் நினைக்கிறது. ஆசியாவில் வராதவர்களைப் பற்றியே பேச்சு.

2014 நவம்பர் 20

இந்த ஆண்டு ஆசிய சீரிஸ் நடக்கவில்லை. தைச்சுங்கில் யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தைனான்காரத் தோழர் மட்டும் ஒருமுறை பெருமூச்சு விட்டார். நாம் போகாவிட்டாலும் நட்டமில்லை என்று ஜப்பான் நினைக்க முடிந்தது. கரீபியனில் எந்த நாட்டுக்கும் அந்த வசதி கிடையாது. பலசாலிக்குத் தோல்வி வலிக்காத போட்டியில் மற்றவர்களின் வெற்றியும் பாதி மதிப்புக்குத்தான் போகும். பணம் போட ஆள் கிடைக்காததெல்லாம் அதற்குப் பின்னால் வருவது.

கான்பெர்ராவுக்கு மட்டும் இதில் லாபம். அடுத்த போட்டி நடக்கும்வரை ஆசியாவின் சாம்பியன் ஆஸ்திரேலியாதான்.